பாப்பாவுக்கு வயது அறுபத்தாறு

என் புருஷன் சன்னாசி வாயில்லாப் பூச்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் அவர் பேசுகிற பேச்சுக்கு நான்தான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். குழம்பில் உப்பு கூடினால் ஒரு பேச்சு, குறைந்தால் ஒன்பது பேச்சு. சந்தையில் மீன் விற்கிற மலாய்க்காரரிடம் மலாயிலேயே கதையடித்து, அவரைச் சிரிக்க வைத்து, ஒரு கைப்பிடி இறாலைச் சும்மா வாங்கிக்கொண்டு வருவார். ஆனால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதில் சட்டைப் பையில் பேனா செருகிய ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் போதும். மனிதருக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்த நாக்கை வைத்துக்கொண்டு குடியுரிமை நேர்காணலுக்குப் போனால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. முதல் தடவை பெயரைக் கேட்டார்கள், அதைக்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை பெயரைச் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மலாய் தெரியவில்லை என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரே உட்கார்ந்து தன் மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்?

சன்னாசி பிறந்தது இங்கேதான், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில். பிறப்பைத் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி பதிந்திருப்பார் என்று என் மாமனார் நினைத்தார். அப்பன் பதிந்திருப்பான் என்று கிராணி நினைத்தார். இரண்டு பேரும் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. இங்கே இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அர்த்தம். எனக்கு நீல அட்டை, நாங்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் நீல அட்டை. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இவர் மட்டும் வெளியாள்.

மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டபோது சன்னாசி என்னிடம் சொன்னார்: "இதான் கடைசி நவமணி. இதுவும் போச்சுன்னா என்னைய விட்டுரு. திரும்ப ஒரு தடவ அந்த மேசைக்கு முன்னால போயி என்னால உக்கார முடியாது."

சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டிய மனிதர், கடைசியில் விருந்தாளியாகவே செத்துப் போவாரா?

அப்போதுதான் ஷெல்லி டீச்சர் வந்தார். புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி, பொது மண்டபத்தில் பாலர் பள்ளி நடத்துகிற பெண். தோட்டத்து வேதக்காரக் குடும்பம், தங்கமான பிள்ளை, ஆனால் தலையில் எப்போதும் ஏதாவது புதுத் திட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை வந்த திட்டம், வயசாளிகளையும் வாண்டுகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து மலாய் சொல்லிக்கொடுப்பது.

"ஆன்ட்டி, எங்கிட்ட வர்ற தமிழ்ப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு மலாய் தெரியாது. வீட்டுல பேசறதில்ல. அங்கிளுக்கும் வாய் தொறக்கணும். எல்லாரும் ஒண்ணா கத்துக்கட்டுமே லா."

"ஏம்மா, அங்க பால்பல்லு விழுந்ததுங்க, இங்க கெழட்டுப் பல்லு விழுந்ததுங்க. ஒரே பெஞ்சுல உக்காந்து என்னாத்தப் பேசப் போவுதுங்க?" என்று கேட்டேன். டீச்சர் போன பிறகு சன்னாசி, "போய்த்தான் பாப்பமே" என்றார்.

முதல் நாள் மோட்டார் சைக்கிளில் அவரை இறக்கிவிட்டு, மனசு கேட்காமல் மண்டபத்து ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு குட்டி மஞ்சள் நாற்காலியில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். வகுப்புக்கு வந்த மற்ற வயசாளிகளும் அதே கோலத்தில்தான் இருந்தார்கள். மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல். டீச்சர் ஒரு தேங்காய்ப் படத்தைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று சன்னாசியைக் கேட்டார்.

டீச்சர் நின்றது மேசைக்குப் பின்னால்.

சன்னாசி தன் மூக்கு நுனியைப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷர்மினி என்கிற ஆறு வயதுக் குட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தது. "தாத்தா, எந்திரிச்சு நின்னு சொல்லணும் லா. உக்காந்துகிட்டுச் சொன்னா செல்லாது."

மனிதர் எழுந்து நின்று, "கெப்பாலா!" என்றார்.

தேங்காய்க்கு மலாயில் கெலாப்பா, அவருக்குத் தெரிந்த வார்த்தைதான், பயத்தில் புரண்டுவிட்டது. கெப்பாலா என்றால் தலை. பிள்ளைகள் எல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தன. போச்சு, இனி இந்த ஆள் இங்கே வர மாட்டார் என்று நினைத்தேன். ஷர்மினி நாற்காலி மேல் ஏறி அவர் வழுக்கைத் தலையைத் தட்டி, "இதுதான் கெப்பாலா! அது கெலாப்பா! சொல்லுங்க!" என்று அதட்டியது. சன்னாசி அந்தக் குட்டியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திடீரென்று அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துக்கொண்டே "கெலாப்பா" என்றார். வகுப்பு முழுக்கக் கைதட்டியது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. எனக்குக் காலையில் சாலை முக்கில் வடைக்கடை, வகுப்பில் நின்று கேட்க நேரமில்லை. கொண்டுபோய் விடுவேன், வந்து கூட்டிக்கொண்டு போவேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து கதைதான். ரையன் என்கிற வாண்டு பென்சிலைக் கடித்தான், ஷர்மினி இன்றைக்குத் தப்பாகச் சொன்னாள், நான் சரியாகச் சொன்னேன், அவளுக்குக் கோபம் என்று. அறுபத்தாறு வயசில் ஆறு வயசுப் பிள்ளையைத் தோற்கடித்துவிட்டதாக ஒரு பெருமை! "அடப்பாவி மனுஷா" என்பேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான். தைப்பூசத்துக்குப் பிறகு சேர்ந்தவர், நோன்புப் பெருநாள் வருவதற்குள் டீச்சர் கேட்கிற கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொல்கிறாராம்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு நோர்மா வந்தாள். மலாய்க்காரி, எனக்கு உயிர்த்தோழி. நீ அதிகாரி மாதிரி உட்கார்ந்து இவரைக் கேள்வி கேள் என்று நான்தான் அவளை வரச் சொல்லியிருந்தேன். வாசலில் நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, உன் பெயர் என்ன, வயது என்ன, என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று மிடுக்காகக் கேட்டாள்.

சன்னாசி எழுந்து நின்றார். மடமடவென்று பதில் சொன்னார். ஒரு தடங்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. நோர்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆடிக்' என்று சொல்லியிருந்தார். மலாயில் ஆடிக் என்றால் தம்பி, தங்கை. மலாய்ப் பிள்ளைகள் சின்னதில் 'நான்' என்று சொல்லாமல் தங்களை ஆடிக் என்றுதான் சொல்லிக்கொள்ளும். பாலர் பள்ளியில் அதுகளைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ஆடிக், தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து இவரும் ஆடிக். பெரியவர்கள் சொல்ல வேண்டியது 'சாயா', சந்தையில் இவர் சொல்வதும் அதுதான், வகுப்புப் பேச்சில்தான் ஆடிக் ஒட்டிக்கொண்டது. நோர்மா காதில் விழுந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "பாப்பா பேரு சன்னாசி. பாப்பாவுக்கு வயசு அறுபத்தாறு. பாப்பாவுக்குக் கோழிச்சோறு ரொம்பப் பிடிக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! உடனே ஷெல்லிக்குப் போன் அடித்தேன்.

"ஐயோ ஆன்ட்டி!" என்றார் ஷெல்லி. "பிள்ளைங்க எல்லாம் அப்படித்தானே பேசுதுங்க, எனக்குக் காதுல பழகிப் போச்சு. அங்கிளும் அதுங்களோட சேர்ந்து சொன்னப்ப கவனிக்கவே இல்ல. சாரி லா ஆன்ட்டி."

"நல்லாப் பழகுச்சு போ! நாளைக்கு அங்க போயி பாப்பா, பாப்பான்னு சொன்னா, புத்தி சரியில்லாத ஆளுன்னு தொரத்திர மாட்டாங்களா?"

அன்றைக்குச் சாயங்காலம் வரை உட்கார வைத்துத் திருத்தினேன். நான் கேள்வி கேட்பது, அவர் பதில் சொல்வது, ஆடிக் என்று வாயைத் திறந்தால் தலையில் ஒரு குட்டு. முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்து யோசித்துச் சொன்னார். அப்புறம் ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்துவார். இருட்டுகிற நேரத்துக்கு எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொன்னார். களைப்பு, காலையில் சரியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் சரியாகவில்லை. வாடகைக் காரில் ஷா ஆலம் போகிற வரைக்கும் மனிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினார், போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அலுவலகத்தில் பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தோம். அவர் முகத்தைப் பார்த்தேன். அதே முகம், முதல் தடவையும் இரண்டாவது தடவையும் திரும்பி வந்தபோது பார்த்த முகம்.

"ஏங்க, ஒரு தடவ சொல்லிப் பாருங்க. பேரு என்னான்னு கேட்டா?"

வாயைத் திறந்தார். கண் மட்டும் என் கையைப் பார்த்தது. குட்டு வருமா என்று பார்க்கிறார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆண்டவா, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன்? அந்த மேசையை நான் அல்லவா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன்! வாய் திறக்காத மனிதரை ஒரு கூட்டம் குழந்தைகள் சிரித்துச் சிரித்துத் திறக்க வைத்தன. அதை ஒரே சாயங்காலத்தில் நான் இழுத்துச் சாத்திவிட்டேன்.

உள்ளே யாரையோ கூப்பிட்டார்கள். அடுத்தது நாங்கள்தான். என்ன செய்வது? சாயா, சாயா என்று மறுபடியும் மிரட்டினால் ஊமையாகத்தான் போவார். ஆடிக் என்று சொல்லவிட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டிலும் எனக்குப் பயம். ஆனால் சிரிப்பு அவருக்குப் பழகின விஷயம், அதை அவர் தாங்குவார். மௌனத்தை இன்னொரு தடவை தாங்க மாட்டார்.

இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். "இந்தா பாருங்க. நான் நேத்து சொன்னத எல்லாம் தூக்கிக் குப்பையில போடுங்க. ஷர்மினிகிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. ஆடிக்னே சொல்லுங்க. எவ சிரிச்சா நமக்கென்னா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான். போயி ஜமாய்ங்க."

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை, நான் கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். மேசைக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண், கண்ணாடி போட்டிருந்தார், என் மூத்த மகள் வயது இருக்கும். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். சன்னாசி உட்காரவில்லை. நேராக நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ராகம் போட்டு இழுக்குமே, அதே ராகத்தில் ஓங்கிச் சொன்னார்.

"செலாமாட் பாகி, சிகு!"

வணக்கம் டீச்சராம். அந்தப் பெண்ணுக்குப் பேனா கையிலிருந்து நழுவியது. சுதாரித்துக்கொண்டு பெயரைக் கேட்டார்.

"நாமா ஆடிக், சன்னாசி." அப்புறம் வயசு. அப்புறம் பாப்பா தோட்டத்தில் வேலை செய்தது, பாப்பா செம்பனைக் குலை வெட்டியது, பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பாப்பாவின் பெண்டாட்டி கோபக்காரி ஆனால் நல்லவள். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? அந்தப் பெண் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்தேவிட்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு அதிகாரி எட்டிப் பார்த்தார். அவரும் சிரித்தார்.

என் உயிர் என்னிடம் இல்லை. தப்பு பண்ணிவிட்டேன், அநியாயமாக அனுப்பிவிட்டேன் என்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

சன்னாசியும் சிரித்தார். வகுப்பில் எல்லாரும் சிரித்தால் தானும் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அப்படி. சிரித்து முடித்துத் தொடர்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற நாட்டுக் கோட்பாடுகள் ஐந்தையும் சொல்லச் சொன்னதற்குக் கையைக் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒன்று விடாமல் ஒப்பித்தார். இவ்வளவு நன்றாக யார் சொல்லிக்கொடுத்தது என்று அந்தப் பெண் கேட்டார். கூட்டாளிகள் என்றார். அவர்களுக்கு என்ன வயசு என்று கேட்டார். ஆறு என்றார் சன்னாசி, சிலருக்கு ஐந்து. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தாளைப் பார்த்தபடி ஒன்று கேட்டார்.

"பாக்சிக் ஆசால் மானா?"

பெரியவருக்குப் பூர்வீகம் எங்கே என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை நாங்கள் படிக்கவே இல்லை. இவருடைய அப்பா தமிழ்நாட்டில் எந்த ஊர் என்பது இவருக்கே சரியாகத் தெரியாது. திருச்சிப் பக்கம் என்பார், ஒரு நாள் சேலம் பக்கம் என்பார். பிறந்த தோட்டத்தைச் சொல்லலாம் என்றால் அந்தத் தோட்டம் இப்போது இல்லை, அங்கே வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன. எந்த ஊரைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும், அப்போ எப்போது வந்தீர்கள் என்று. அவர் கொஞ்சம் யோசித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யோசிக்காதீர்கள், யோசிக்காதீர்கள் என்று வாய்க்குள்ளேயே சொன்னேன்.

அவர் யோசிக்கவில்லை. என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள் என்பது போல அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஆடிக் ஓராங் சினி லா, சிகு."

பாப்பா இந்த ஊருதான் டீச்சர்.

எட்டிப் பார்த்த அதிகாரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு, "ஆமாம், இந்த ஊர்தான்" என்று மலாயில் மெதுவாகச் சொல்லி எதையோ எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "லூலுஸ்" என்றார். தேர்ச்சி. மற்ற வேலைகள் நடக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும், ஆனால் மொழிக்காக இனி இங்கே வர வேண்டியதில்லை என்றார். அடுத்த தடவை வெளியே யாரிடமாவது பேசும்போது சாயா என்று சொல்லுங்கள், ஆடிக் வேண்டாம் என்றும் சொன்னார்.

"சரி டீச்சர்" என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தார் என் புருஷன்.

வெளியே வந்ததும் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வருகிறவர்களும் போகிறவர்களும் பார்த்தார்கள், பார்க்கட்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் ஒன்றை யாரோ உருட்டிவிட்டார்கள். மூச்சு விடுவதற்கு இத்தனை இடம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏன் புள்ள அழுவுற? அதான் பாஸ் ஆயிட்டேன்ல?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூக்கைச் சிந்தினேன். "பெண்டாட்டி கோவக்காரின்னு அங்க போயித்தான் சொல்லணுமா?"

"நல்லவளுன்னும் சொன்னேன்லா."

"அது கெடக்கட்டும். அந்தக் கடசிக் கேள்விய நாம படிக்கவே இல்லியே. எனக்கு உசுரே போயிருச்சு. பதில் யாரு சொல்லிக் குடுத்தா? டீச்சரா?"

சன்னாசி என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அதுக்கு எதுக்கு ஒருத்தரு சொல்லிக் குடுக்கணும்? எங்க வகுப்புல எந்தப் புள்ளையக் கேட்டாலும் அதானே சொல்லும்?"

சொல்லிவிட்டு, பசிக்கிறது என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.